இரண்டு ஸ்பூல் ரெக்கார்டர், நடுவே ஆறு நொடி

ஸ்பூல் டேப் நொடிக்கு 19.05 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒரு ரெக்கார்டரின் பதிவு ஹெட்டில் இந்தக் கணம் எழுதப்பட்ட ஒலி, 120 செ.மீ. தள்ளி இருக்கும் இன்னொரு ரெக்கார்டரின் வாசிப்பு ஹெட்டைத் தொட 6.3 நொடி ஆகும். அங்கே எடுத்த ஒலியை மறுபடி முதல் ரெக்கார்டருக்கே கொடுத்தால், அடுத்த 6.3 நொடியில் அது இன்னொரு முறை வரும். பிறகு இன்னொரு முறை. ஏற்பாடு இவ்வளவுதான். அறுபதுகளின் பரிசோதனை மின்னணு இசையும், விடிய விடிய நடந்த சைகடெலிக் கச்சேரிகளும், எழுபதுகளில் ஆம்பியன்ட் (சூழலோடு கரைந்து ஒலிப்பது) என்று பெயர் பெற்ற இசையும் இந்த 120 செ.மீ. டேப்புக்குக் கடன்பட்டவை.

இதைப் பலரும் "லூப்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். லூப்பில் போட்ட ஒலி போட்டபடியே சுற்றும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் தேய்கிறது: மேல் சுருதிகளின் கூர்மை போகிறது, சீறல் ஏறுகிறது, சுருதி இம்மியளவு ஆடுகிறது, அளவு இறங்குகிறது. பத்தாவது சுற்றில் திரும்பும் ஒலிக்கும் வாசித்த ஒலிக்கும் உறவு மட்டும்தான் மிச்சம். இந்தத் தேய்மானத்தில்தான் இசை இருக்கிறது. கணினியிலோ மலிவான லூப் பெடலிலோ இதே வேலையைச் செய்பவர்கள் ஐந்து நிமிடத்தில் சலித்துப்போவதற்கு இதுவே காரணம். அங்கே எதுவும் தேய்வதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்விதான்: ஒவ்வொரு சுற்றிலும் எதை, எவ்வளவு இழக்க விடுவது?

அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலிக்கு இது கிடைத்தது 1963ல், பாரிஸில், பிரெஞ்சு வானொலியின் ஸ்டூடியோவில். கென் டூயியின் நாடகம் ஒன்றுக்கு இசை செய்ய வந்திருந்தார். ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் குழு டிரம்பெட்டோடு வாசித்ததைப் பதிவுசெய்து, அது நீண்ட இடைவெளியில் தன்மேல் தானே அடுக்கி வர வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த பொறியாளர் ஒரே டேப்பை இரண்டு ரெக்கார்டருக்குக் குறுக்கே இழுத்து, இரண்டாவதன் வெளியீட்டை முதலாவதில் செருகினார். ரைலி இதற்கு 'டைம் லேக் அக்யூமுலேட்டர்' என்று பெயர் வைத்தார். சோப்ரானோ சாக்சஃபோனையும் ஆர்கனையும் இதற்குள் விட்டு இரவு முழுக்க வாசித்தார். 1967ல் பிலடெல்ஃபியா கலைக் கல்லூரியில் நடந்தது அப்படி ஒரு கச்சேரி. 1970ல் அவர் இந்துஸ்தானி இசையின் கிரானா பாணிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார். தம்பூராவின் மேல் மணிக்கணக்கில் நிற்கும் மரபுக்கு அந்த மனிதர் போனதில் வியப்பில்லை. முன்னால் வாசித்தது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் அடுத்ததை வைப்பது ஏழு வருடமாக அவருக்குப் பழகிய வேலை.

அதே காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் இதை இன்னும் கடுமையாகப் பயன்படுத்தினார். 1965ல் இரண்டு ஹியூலெட்-பேக்கார்ட் ஆசிலேட்டர் (மின்சாரத்தில் ஒலியலை எழுப்பும் கருவி), ஒரு டர்ன்டேபிள், தாமதத்துக்கு இரண்டு ரெக்கார்டர். வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் வாசித்துப் பதிவுசெய்த எட்டு நிமிடம். ஆசிலேட்டர்களைக் காதுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தி, அவை மோதிக்கொள்ளும்போது பிறக்கும் வித்தியாச ஒலியை மட்டும் டேப்பில் பிடித்தார். இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் கிடார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் 1972ல் லண்டனில் ஈனோவின் வீட்டில் இரண்டு ரிவாக்ஸ் ரெக்கார்டர் வைத்துச் செய்தது 1973ல் இசைத்தட்டாக வந்தது. 1975ல் ஈனோ வெளியிட்ட 'டிஸ்க்ரீட் மியூசிக்' தட்டின் பின் அட்டையில் இந்த இணைப்பு முழுவதையும் படமாகவே போட்டுவிட்டார்: சின்தசைசர், ஈக்குவலைசர், எக்கோ, முதல் ரெக்கார்டர், இரண்டாவது ரெக்கார்டர், திரும்பிப் போகும் அம்புக்குறி. யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று இசைத்தட்டே சொல்லித்தந்த அபூர்வமான இடம் அது.

வைக்கும் விதம்

இரண்டு ரெக்கார்டரையும் ஒரே மேசையில், ஒரே உயரத்தில், ஹெட்கள் ஒரே கோட்டில் வரும்படி படுக்க வையுங்கள். உயரத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் டேப்பின் ஓரம் மடங்கி, அந்த ஓரத்தில் இருக்கும் சேனல் மட்டும் மங்கும். இடது பக்கம் பதிவுசெய்யும் மெஷின். அதன் இடது ஸ்பூலில் டேப். அது அந்த மெஷினின் ஹெட்களைக் கடந்து, வலது ஸ்பூலில் சுற்றாமல், நேராக இரண்டாவது மெஷினின் ஹெட்களுக்குப் போய், அதன் வலது ஸ்பூலில் சுற்றிக்கொள்கிறது. தூரத்தை மெஷினின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். முதல் மெஷினின் பதிவு ஹெட்டிலிருந்து இரண்டாவதன் வாசிப்பு ஹெட் வரை, டேப் போகும் வழியிலேயே ஒரு நூலை வைத்து அளக்க வேண்டும். செ.மீ. கணக்கை 19.05ஆல் வகுத்தால் நொடி. 9.5 செ.மீ. வேகத்தில் அதே தூரம் இரண்டு மடங்கு தாமதம் தரும். ஆனால் தேய்மானமும் அதிகம்.

பல மெஷின்களில் டேப் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் ஏற்பாடு இருக்கும். ரிவாக்ஸ் ஏ77ல் அது விளக்கும் ஒளி உணரியும். வேறு பலவற்றில் டேப்பின் இழுவையில் நிற்கும் ஒரு கை. டேப் அந்த இடத்தைக் கடந்து போகாவிட்டால் மெஷின் ஓடவே ஓடாது. கை வைத்த மெஷின் என்றால், டேப்பை அதன் வழியே கொண்டுபோக முடியாத இடத்தில் ஒரு ரப்பர் பேண்டால் அந்தக் கையைத் தூக்கிக் கட்டிவிடலாம்.

அடுத்தது கேப்ஸ்டன், அதாவது ரப்பர் உருளையோடு சேர்ந்து டேப்பைப் பிடித்து இழுக்கும் சுழல் தண்டு. இந்த ஏற்பாட்டில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. இரண்டு மெஷினிலும் ரப்பர் உருளை டேப்பைப் பிடித்தால் இரண்டு கேப்ஸ்டனும் போட்டி போடும். இரண்டின் வேகமும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. இரண்டாவது மெஷின் 0.3 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3.4 செ.மீ. டேப் நடுவில் தொய்ந்துகொண்டே போகும். 20 நிமிடத்தில் 68 செ.மீ. தரையில் தொங்கும், தாமதமும் அந்த அளவுக்கு நீளும். அதைவிட முக்கியமாக, வேகமாக எழுதியதை மெதுவாக வாசிப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி 5 சென்ட், அதாவது ஒரு சுரத்தானத்தின் நூறில் ஐந்து பங்கு, இறங்கும். பத்து சுற்றில் 52 சென்ட். அதாவது அரை சுரத்தானம். இரண்டாவது மெஷின் வேகமாக இருந்தாலோ டேப் விறைத்து வழுக்கும், சில நேரம் நீண்டே போகும்.

தீர்வு எளிது. முதல் மெஷினின் ரப்பர் உருளையைக் கழற்றிவிடுங்கள். இழுக்கும் வேலையை இரண்டாவது கேப்ஸ்டன் மட்டும் செய்யட்டும். முதல் மெஷினின் இடது ஸ்பூல் மோட்டார் பின்னால் பிடித்துக்கொள்வதால் டேப் தானாகவே விறைப்பாக நிற்கும். டேப் ஒன்று, இழுப்பது ஒருவர் என்றால் சராசரி வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுருதி சறுக்க வழியே இல்லை. 120 செ.மீ. டேப் வெட்டவெளியில் அதிர்வதால் கொஞ்சம் ஆட்டம் கூடும். அந்த ஆட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது வேறு வேறாக விழுவதால்தான் ஒற்றை சுரம் பல பேர் சேர்ந்து பாடியது போலத் தடிக்கிறது.

கிளப்பும்போது முதலில் இடது மெஷின், பிறகு வலது. நிறுத்தும்போது முதலில் வலது, பிறகு இடது. மாற்றிச் செய்தால் இடது மெஷினின் பிரேக் பிடித்திருக்க வலது மெஷின் இழுக்கும். மெல்லிய டேப் அங்கேயே நீண்டுவிடும், அல்லது அறுந்துவிடும். வலது மெஷினில் பதிவு பட்டன் எக்காரணம் கொண்டும் விழக் கூடாது. அதன் அழிப்பு ஹெட் வாசிப்பு ஹெட்டுக்கு முன்னால் இருக்கிறது, வருவதையெல்லாம் துடைத்துவிடும்.

டேப்: 18 செ.மீ. ஸ்பூலில் சாதாரணத் தடிமனில் 366 மீட்டர், அதாவது 32 நிமிடம். 35 மைக்ரான் லாங்-ப்ளே டேப் என்றால் 549 மீட்டர், 48 நிமிடம். வாசிப்பின் நீளத்துக்கு இதுதான் வரம்பு. ஏ77 போன்றவை ஏற்கும் 26.5 செ.மீ. ஸ்பூலில் லாங்-ப்ளே டேப் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். புது டேப்பை பிரான்சிலும் அமெரிக்காவிலும் இன்றும் தயாரிக்கிறார்கள். பழைய கடையில் கிடைக்கும் எழுபதுகள், எண்பதுகளின் கறுப்புப் பின்பூச்சு டேப்பை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவற்றில் பல வகைகளில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். நம் ஊர்க் காற்றில் இது இன்னும் மோசம். ஆவணக் காப்பகங்களில் அவற்றை 54 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம், அதற்கு மேலும், வைத்து உலர்த்துவார்கள். அது உள்ளே இருக்கும் பதிவை ஒருமுறை நகல் எடுப்பதற்காக. புதிதாக எழுதி எழுதித் தேய்க்க அந்த டேப் தாங்காது.

மிக்சர்

நான்கு சேனல் இருந்தால் போதும். கருவி ஒரு சேனலில். வலது மெஷினின் வெளியீடு இன்னொரு சேனலில். ஒரு ஆக்ஸ் வெளியீட்டை (சேனல்களின் ஒலியைத் தனியாகப் பிரித்து வெளியே அனுப்பும் துணை வழி) இடது மெஷினின் உள்ளீட்டில் செருகுங்கள். கருவிச் சேனலின் ஆக்ஸ் குமிழைத் திறந்தால் கருவி டேப்புக்குப் போகிறது. டேப் சேனலின் அதே ஆக்ஸ் குமிழ்தான் ஃபீட்பேக்: வந்த ஒலி எவ்வளவு மறுபடி டேப்புக்குப் போகும் என்பது. வேறு எந்தக் குமிழையும்விட விரல் அதிகநேரம் இருக்கப்போவது இதன்மேல்தான்.

அந்த ஆக்ஸ், ஃபேடருக்கு (சேனலின் அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) முன்னால் எடுப்பதாக இருக்க வேண்டும். பின்னால் எடுத்தால், கேட்கும் அளவைக் குறைக்க ஃபேடரை இறக்கும்போது ஃபீட்பேக்கும் சேர்ந்து இறங்கி, கட்டி வைத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் கரைந்துபோகும். காரணம் தெரியாமல் தவிப்பவர்கள் அதிகம். இன்னொன்றையும் சோதியுங்கள்: சில மிக்சர்களில் ஆக்ஸ் ஈக்குவலைசருக்கு முன்பே பிரிகிறது. அப்படியானால் டேப் சேனலில் எவ்வளவு திருகினாலும் சுற்றும் ஒலி மாறாது. கேட்பது மட்டும் மாறும். அப்போது ஆக்ஸுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு தனி ஈக்குவலைசர் வேண்டும்.

ஸ்டீரியோ வைத்திருந்தால் இடது சேனல் வெளியீட்டை வலது சேனல் உள்ளீட்டுக்கும், வலதை இடதுக்கும் மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து போகும். செலவில்லாத வேலை; இரண்டு ஒயரை மாற்றினால் ஆயிற்று.

இப்போது ஃபீட்பேக்கை அளந்து வையுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை அரை நொடி மட்டும் அனுப்புங்கள். 6.3 நொடி கழித்து மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, அடுத்த சுற்றில் எவ்வளவு என்று பாருங்கள். சுற்றுக்கு 6 டெசிபல் இறங்கினால், ஒலி 60 டெசிபல் விழுந்து காணாமல் போகப் பத்து சுற்று: 63 நொடி. 3 டெசிபல் என்றால் இருபது சுற்று, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 1 டெசிபல் என்றால் அறுபது சுற்று, 6 நிமிடம் 18 நொடி. குமிழில் ஒரு மயிரிழைதான் இந்த மூன்றுக்கும் வித்தியாசம். அதனால் 3 டெசிபல் இடத்தையும் 1 டெசிபல் இடத்தையும் குமிழைச் சுற்றிப் பென்சிலால் குறித்துவிடுங்கள். இழப்பு பூஜ்ஜியத்துக்கு வந்தால் ஒலி போகவே போகாது. அதைத் தாண்டினால் சுற்றுக்குச் சுற்று ஏறி டேப் நிறைந்து பிளிறும். அந்தப் பிளிறலுக்கும் இசையில் இடம் உண்டு. ஆனால் அதைத் தெரிந்து தொட வேண்டும். தெரியாமல் போய் விழக் கூடாது.

எங்கே கெடும்

முதல் எதிரி கரண்ட் ஹம், அதாவது மின்சாரத்திலிருந்து ஒலியில் கலக்கும் ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுற்றுக்கு 1 டெசிபல் மட்டுமே இழக்கும் நிலையில், ஒரே கட்டத்தில் திரும்பி வரும் ஹம் தன்மேல் தானே ஏறி 19 டெசிபல் வரை வளரும். சீறல் அப்படி வளராது; அதற்கு ஒழுங்கில்லை என்பதால் அதே நிலையில் 7 டெசிபலோடு நின்றுவிடும். ஹம்முக்கு ஒழுங்கு உண்டு. 6.3 நொடியில் 50 ஹெர்ட்ஸ் சரியாக 315 சுழற்சி போடுகிறது. முழு எண் என்பதால் திரும்பும் ஹம் புது ஹம்மோடு கை கோக்கிறது. வலது மெஷினை 1.9 மி.மீ. நகர்த்தினால் தாமதம் 10 மில்லி நொடி மாறி, அரைச் சுழற்சி தள்ளி, இரண்டும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். கணக்கு அப்படி, நடைமுறையில் கேப்ஸ்டன் வேகம் லேசாக ஆடுவதால் ஹம் ஏறி இறங்கி மூச்சு விடுவது போலக் கேட்கும். நகர்த்தி விளையாடுவதைவிட, எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகி, மெஷினுக்கும் மிக்சருக்கும் நடுவே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, சுற்றும் பாதையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது நல்லது. வீணையோ கிடாரோ அந்த இழப்பைப் பொருட்படுத்தாது.

இரண்டாவது எதிரியைப் பலர் அறிவதேயில்லை. பழைய ரெக்கார்டர்கள் ஐஇசி, என்ஏபி என்ற இரண்டு சமன்முறைகளில் வந்தன: எழுதும்போது உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளை ஏற்றியிறக்கி, வாசிக்கும்போது அதை ஈடுசெய்யும் விதிகள் இவை. உயர்ந்த ஒலிகளை ஈடுசெய்யும் அளவைக் குறிக்கும் எண் 19 செ.மீ. வேகத்தில் ஐஇசிக்கு 70 மைக்ரோ நொடி, என்ஏபிக்கு 50. ஐஇசி மெஷினில் எழுதி என்ஏபி மெஷினில் வாசித்தால் உயர்ந்த அதிர்வெண்கள் சுற்றுக்கு 2.9 டெசிபல் விழும். 50 ஹெர்ட்ஸ் பக்கமும் 3 டெசிபல் போகும். ஒலி வேகமாக மங்கும், அவ்வளவுதான்; அழகாகக்கூட இருக்கும். தலைகீழாக, என்ஏபியில் எழுதி ஐஇசியில் வாசித்தால் உயர்ந்த பக்கம் சுற்றுக்கு 2.9 டெசிபல் ஏறும். பத்து சுற்றில் 29. நடுப்பகுதி இறங்கிக்கொண்டிருக்க, சீறல் மட்டும் கொதிக்கும் பாத்திரம் போல எழும். ஃபீட்பேக்கைக் கொஞ்சம் குறைத்தாலும் அடங்காது. மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அதன் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு என்றால் ஐஇசி மெஷின் இடப்பக்கம் இருக்கட்டும்.

மூன்றாவது, ஹெட்டின் சாய்வு. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் நீளம் 19 மைக்ரான்தான். எழுதிய ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் 0.3 டிகிரி சாய்வு வித்தியாசம் இருந்தால், 2 மி.மீ. அகல டிராக்கில் அந்த ஒலி கிட்டத்தட்ட 5 டெசிபல் விழும். ஒரே மெஷினுக்குள் எழுதி வாசிக்கும்போது இது தெரியாமல் ஒளிந்திருக்கும். இரண்டு மெஷின் சேரும்போது வெளியே வரும். வலது மெஷினின் வாசிப்பு ஹெட் திருகாணியின் இப்போதைய நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இடதில் 1,000 ஹெர்ட்ஸ் எழுதி வலதில் அதிகபட்சம் வரும்படி திருகி, பிறகே 10,000க்குப் போங்கள். எடுத்த எடுப்பில் 10,000ல் ஆரம்பித்தால் ஒரு பொய்யான உச்சத்தில் போய் நின்றுவிடுவீர்கள். முழுக்கச் சரிசெய்யத்தான் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். சுற்றுக்கு ஒன்றிரண்டு டெசிபல் மேல் பக்கம் போவது இந்த இசைக்கு நல்லது. பழைய அடுக்குகள் பின்னால் நகர்ந்து புதிதுக்கு இடம் விடும்.

டிராக் வகையும், அதாவது டேப்பின் அகலத்தில் ஒரு சேனல் பிடிக்கும் பங்கும், ஒத்துப்போக வேண்டும். அரை டிராக்கில் எழுதிக் கால் டிராக்கில் வாசிக்கலாம். தலைகீழாகச் செய்தால் வாசிக்கும் ஹெட் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தையும் சேர்த்துப் படித்துச் சீறலைக் கூட்டும். அங்கே பழைய பதிவு இருந்தால் அதுவும் பின்னோக்கிக் கேட்கும். மற்றவை சாதாரணப் பராமரிப்பு: ஹெட்டையும் கேப்ஸ்டனையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், ரப்பர் உருளைக்கு அது ஆகாது, காய்ந்து வெடிக்கும், லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

வாசிப்பு

இந்த ஏற்பாட்டுக்குள் வாசிப்பது வேறு ஒழுக்கம். இப்போது தொட்ட சுரம் இரண்டு நிமிடம், ஆறு நிமிடம் கூடவே இருக்கும். தவறு செய்தால் அதுவும் இருக்கும். ஆகவே குறைவாக வாசிக்க வேண்டும். முதல் ஐந்து சுற்றுக்கு ஒரே ஒரு நீண்ட ஒலி, அரை நிமிட மௌனம், பிறகு இன்னொன்று. நான்கு அடுக்கு சேரும்போது அளவு 6 முதல் 12 டெசிபல் ஏறும். அதனால் தனியாக வாசிக்கும்போது மீட்டர் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீட்டும் ஓசை உள்ள கருவியில் அந்த மீட்டல் ஒவ்வொரு 6.3 நொடிக்கும் கடிகாரம் போலத் தட்டும். வால்யூம் பெடலைக் கீழே வைத்து மீட்டிவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். தட்டல் போய் ஒலி மட்டும் எழும். ஃபிரிப்பின் கிடார் வயலின் போல ஒலிப்பதில் இந்த வேலைக்கும் பங்குண்டு.

எந்த சுரங்களை எடுப்பது என்பது பெரிய விஷயம். நம் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். எல்லா சுரமும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கப்போகிறது என்பதால், பக்கத்துப் பக்கத்து அரைத் தானங்கள் மோதும். ஸ 150 ஹெர்ட்ஸ் என்றால் சுத்த ரிஷபம் 160. இரண்டும் சேர்ந்து நின்றால் நொடிக்குப் பத்து முறை கரகரக்கும். மாயாமாளவகௌளையில் இப்படி நான்கு ஜோடி உண்டு: ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ. அதை இதற்குள் விட்டால் மூன்று நிமிடத்தில் சேறாகும். மோகனத்தில் ஒரு ஜோடியும் இல்லை. ஐந்து சுரத்தையும் எந்த வரிசையில் போட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டும். ஹிந்தோளத்திலும் அப்படியே. கமகம் வேறு கதை: ஆட்டிய சுரம் ஆறு அடுக்காகத் திரும்பும்போது ஆட்டம் போய் ஒரு பட்டையாகத்தான் நிற்கும். சுரத்தை நேராகப் பிடித்து, ஆட்டும் வேலையை டேப்பிடம் விட்டுவிடுவதே சரி. அரைத் தான ஜோடி உள்ள ராகம்தான் வேண்டும் என்றால், ஃபீட்பேக்கைச் சுற்றுக்கு 6 டெசிபலுக்கு இறக்கி, ஒன்று கரைந்த பிறகு மற்றதைத் தொடலாம்.

ரெக்கார்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் உண்மையான டேப் லூப்புக்குப் போகலாம். 45 டிகிரியில், காந்தம் ஏறாத பிளேடால் வெட்டி, இடைவெளி இல்லாமல் சேர்த்து, பின்பக்கத்தில் ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டி நகத்தால் தேய்க்க வேண்டும். சாதாரண செல்லோ டேப்பின் பசை கசிந்து ஹெட்டில் படியும். நீண்ட லூப்பை மைக் ஸ்டாண்டுகளைச் சுற்றி விறைப்பாக ஓட விடலாம். ஸ்டாண்டில் உரசுவது டேப்பின் பின்பக்கமாக இருக்கட்டும். ஈனோ 1978ல் வெளியிட்ட விமான நிலைய இசைக்கு, ஜெர்மன் ஒலிப்பதிவாளர் கான்னி பிளாங்கின் ஸ்டூடியோவில் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி டேப்பை ஓட விட்டார். 17, 19, 23 நொடி நீளத்தில் மூன்று லூப் ஒன்றாகக் கிளம்பினால், மூன்றும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க 7,429 நொடி ஆகும்: இரண்டு மணி நேரம் மூன்று நிமிடம் 49 நொடி. டேப் நீளம் முறையே 3.24, 3.62, 4.38 மீட்டர். ஆடியோ கேசட்டில் செய்வதானால் 24 செ.மீ. துண்டு 5 நொடி தரும்.

கணினியில்

ஸ்பூல் மெஷின் கிடைக்காதவர்கள் ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளில் இதைக் கட்டலாம். தாமதம் 6,300 மில்லி நொடி. அதற்கான நினைவிடம் 7,000 என்று கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். வாசிக்கும் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கப்போவதால், இடைமதிப்புக் கணக்கிடும் தாமத வாசிப்பியைத்தான் எடுக்க வேண்டும். சாதாரணமானதில் கிளிக் ஓசை வரும்.

இனி இழப்புகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு வெட்டு. 6,500க்கு மேலே மென்மையான ஒரு வெட்டு. ஒற்றைப் படி போதும், செங்குத்தாக வெட்டினால் பத்து சுற்றில் விளிம்பில் ஒரு விசில் தங்கும். பிறகு டான்ஹெச் (tanh) என்ற கணித வளைவு, டேப் நிறைவதற்குப் பதிலாக. சிறிய ஒலிக்கு அதன் சரிவு 1 என்பதால் ஃபீட்பேக் எண் மட்டுமே தேய்மானத்தைத் தீர்மானிக்கும். பெரிய ஒலியை அது அமுக்கும், எண் 1ஐத் தாண்டினாலும் ஒலி வெடிக்காது. வேக ஆட்டத்துக்குத் தாமதத்தை 0.6 ஹெர்ட்ஸில் 0.4 மில்லி நொடி முன்னும் பின்னும் அசையுங்கள், அது 0.15 சதவீத சுருதி ஆட்டம். அதோடு 9 ஹெர்ட்ஸில் 0.01 மில்லி நொடி. சைன் அலையோடு விட்டுவிட்டால் காது அதன் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடும். மெல்ல அலையும் சீரற்ற எண்ணையும் கூட்டுங்கள். கடைசியாக, முழு அளவுக்கு 70 டெசிபல் கீழே சீறல்.

இந்த எல்லாம் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் தப்பு நடக்கிறது. ஃபீட்பேக் பாதையில் மட்டும் வைத்தால் முதல் திரும்பல் கண்ணாடி போலத் தெளிவாக வந்து, இரண்டாவதிலிருந்துதான் மங்கும். மெஷினில் முதல் திரும்பலே டேப் வழியாக ஒருமுறை போய் வந்தது. ஆகவே தாமதத்திலிருந்து வாசித்தவுடன் எல்லா இழப்பும் நடக்கட்டும். அதன் பிறகு பிரித்து, ஒன்றைக் காதுக்கும் மற்றதை உள்ளேயும் அனுப்புங்கள். ஃபீட்பேக் எண் 0.891 என்றால் 1 டெசிபல் இழப்பு, 0.708 என்றால் 3, 0.5 என்றால் 6. அந்த எண்ணை மவுஸால் நகர்த்தாமல் உண்மையான ஒரு குமிழில் கட்டுங்கள். முழுச் சுற்றும் 0 முதல் 1.05 வரை பரவாமல், 0.5க்கு மேல்தான் பெரும்பகுதி இருக்கும்படி வளையுங்கள். வேலை நடப்பது அங்கேதான்.

முடிப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஃபீட்பேக்கை மெல்ல மூடினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் கரையும். நல்ல வழி, எப்போதும் கைகொடுக்கும். இன்னொன்று மெஷினில் மட்டும் சாத்தியம். குமிழைத் தொடாமல், இடது ஸ்பூலில் டேப் தீர விட்டுவிடுவது. முன்பே கடைசி சில மீட்டர் வெள்ளை லீடர் டேப் (காந்தப் பூச்சு இல்லாத வெற்று டேப்) ஒட்டியிருந்தால் அது இடது ஹெட்டுக்குள் நுழைவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் எழுதுவது நின்றுவிட்டது. ஆனால் நடுவே இன்னும் 120 செ.மீ. பழுப்பு டேப் போய்க்கொண்டிருக்கிறது. இருபது நிமிடமாக அடுக்கியதெல்லாம் அதன்மேல் இருக்கிறது. சரியாக 6.3 நொடி அது முழு அளவில் ஒலிக்கும், பிறகு வெள்ளை டேப் வலது ஹெட்டைத் தொடும்.